ஒரு கூரை, பன்னிரண்டு மீற்றர்

மலையகச் செய்திகளில் ‘லயன் குடியிருப்பில் தீ’ என்ற தலைப்பைப் பார்த்தாலே கடைசிப் பத்தியும் தெரிந்துவிடும். மின்னொழுக்கு காரணமாகத் தீ ஏற்பட்டிருக்கலாம் எனப் பொலிஸார் சந்தேகிக்கின்றனர். பாதிக்கப்பட்ட குடும்பங்கள் தோட்டப் பாடசாலையில் தங்கவைக்கப்பட்டுள்ளன. மேலதிக விசாரணை நடைபெறுகிறது. ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, தலவாக்கலை, இராகலை என்று ஊர்ப் பெயர் மட்டும் மாறும். அந்த மேலதிக விசாரணையின் முடிவு செய்தியாக வந்து நான் படித்ததில்லை. எந்த வயர், எந்த இடம், எந்த முடிச்சு என்பது தெரியாமலே புதுத் தகரம் ஏறுகிறது. பழைய மாதிரியே வயரிங்கும் திரும்ப ஏறுகிறது.

எரிந்த லயத்தைவிட அடுத்த லயத்தில்தான் பயம் அதிகம். அந்த வாரமே யாராவது வயரிங் பாஸைக் கூப்பிட்டு இஸ்தோப்பில் நிறுத்தி, “எல்லாத்தையும் கழட்டி மாத்தணுமா பாஸ், இல்ல பழுதானத மட்டும் மாத்தினா சரிவருமா?” என்று கேட்பார்கள். முழுதாக மாற்றினால் பாஸுக்குக் கூலி, மாற்றாமல் விட்டால் வீட்டுக்காரருக்கு மிச்சம். பேரம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ முடியும். பெரும்பாலும் அது கண்ணுக்குத் தெரிகிற சுவரில், வெள்ளை வெளேரென்ற இரண்டு புது பிளக் போயின்டில் முடியும். முகட்டுக்குள் ஓடுவது பழையபடியே ஓடும்.

தனி வீடென்றால் இதை வீட்டுக்காரரும் பாஸும் பேசி முடித்துவிடலாம். லயத்தில் அப்படி முடியாது. பன்னிரண்டு காம்பிரா, ஒரே தகரக் கூரை, இஸ்தோப்புச் சுவரில் பன்னிரண்டு மீற்றர். பல பழைய லயங்களில் இடைச்சுவர் கூரைவரை எட்டுவதில்லை. பக்கத்து வீட்டுக் குசினிப் புகை நம் முகட்டுக்குள் வருகிறதென்றால் பக்கத்து வீட்டு நெருப்பும் அதே வழியில் வரும். நீங்கள் கடன்பட்டு உங்கள் வீட்டு வயரை அடி முதல் நுனி வரை மாற்றியிருக்கலாம். ஐந்தாம் காம்பிராவில் டேப் சுற்றிய ஒரு முடிச்சு உங்கள் புது வயரையும் சேர்த்து எரித்துவிடும். எவ்வளவு மாற்றுவது என்ற கணக்கை வீட்டிலிருந்து தொடங்கினால் பிழைத்துப்போகும். கூரையிலிருந்து தொடங்க வேண்டும்.

லயத்துக்கு வயர் வந்த கதையையும் பார்க்க வேண்டும். இந்த மலையிலிருந்துதான் நாட்டுக்கு நீர்மின்சாரம் போனது. நுவரெலியா நகருக்கு வெளிச்சம் கொடுக்க 1912இல் நானுஓயாப் பக்கம் பிளக்பூலில் சிறு நீர்மின் நிலையம் அமைத்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. மஸ்கெலியா ஓயாவையும் கெசல்கமு ஓயாவையும் கொண்டு நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இல் அவர் எழுதினார். லக்சபான நிலையம் ஓடத் தொடங்க 1950 ஆயிற்று. பிறகு காசல்ரீ, பழைய மஸ்கெலியா நகரையே மூழ்கடித்த மவுஸ்ஸாகலை, 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலை. தேயிலைத் தொழிற்சாலைகள் இவற்றுக்கெல்லாம் முன்பே ஆற்றுத் தண்ணீரில் சொந்த டர்பைன் சுழற்றி இயந்திரம் ஓட்டின. அந்தக் கரண்டில் துரை பங்களாவில் விளக்கு எரிந்தது. லயத்தில் குப்பி லாம்பு.

லயங்களுக்குக் கரண்ட் பரவலாக வந்தது 1980களுக்குப் பிறகுதான். வந்ததும் எப்படி வந்தது? காம்பிராவுக்கு ஒரு பல்ப், குசினிக்கு ஒரு பல்ப், ரேடியோவுக்கோ டீவிக்கோ ஒரு பிளக். அவ்வளவுக்குத்தான் வயர் இழுத்தார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அன்றைக்கு அது போதும். ஆனால் அதே வயரில் இன்று ரைஸ் குக்கர், கேத்தல், அயன், பிரிட்ஜ், பனிக்காலத்தில் தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர். மகனுக்குக் கலியாணம் முடிந்ததும் இஸ்தோப்பை அடைத்து இன்னொரு அறை, கோடிப்புறம் தகரம் இறக்கி இன்னொரு குசினி; ஒவ்வொன்றுக்கும் இருக்கிற வயரிலிருந்தே ஒரு கிளை. 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதம், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் என்று மின்கட்டணம் ஏறியபோது பில் கட்ட முடியாமல் துண்டிக்கப்பட்ட வீடுகளுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு வயர் போனது. மனிதர் மனிதருக்குச் செய்த உதவி. வயருக்கு அது தெரியாது.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். 2,000 வாட் கேத்தல் 8.7 ஆம்பியர் இழுக்கும். 1,000 வாட் அயன் 4.3. 700 வாட் ரைஸ் குக்கர் 3. காலையில் பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் மூன்றும் ஒரே மல்டி பிளக்கில் ஓடினால் 16 ஆம்பியர். லைட்டுக்கென்று இழுத்த 1/1.13 வயர், குழாய்க்குள் ஓடினால், 13 ஆம்பியர் அளவில்தான் பத்திரமாகத் தாங்கும். கடைகளில் 7/0.67 என்று கேட்டு வாங்கும் வயர் பிளக்குகளுக்கானது. அதற்கு 20 ஆம்பியர் பிரேக்கர் போடலாம். முன்பு பியூஸ் கட்டை இருந்த காலத்தில், அடிக்கடி எரிகிறதென்று அதில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு பியூஸ் எரிவதில்லை. வயர்தான் பியூஸ்.

ஆனாலும் வயரின் நடுப்பகுதி எரிந்து தீப்பிடிப்பதைவிட முடிச்சு எரிவதே அதிகம். இரண்டு வயரின் முனையைச் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றிவிடுகிறோமே, அந்த முடிச்சு. மலையில் அதற்கு எதிரிகள் பல. விடிகாலையில் தகரத்தின் அடியில் பனி வியர்த்துச் சொட்டும். விறகடுப்புக் கரி முகட்டில் படியும். ஈரமும் கரியும் சேர்ந்தால் மேற்பரப்பிலேயே மின்சாரம் ஊரத் தொடங்கும். டேப்பின் பசை இளகும், செம்பு பச்சை பூக்கும், பிடி தளரும். தளர்ந்த முடிச்சில் அரை ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். கேத்தல் போடும்போது அந்த ஒரு புள்ளியில் 38 வாட் வெப்பம் எழும். ரேடியோ திருத்துகிறவர் ஈயம் உருக்கும் கோலின் சூடு அது. முகட்டில் அதற்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது? குளிருக்கும் ஒழுகலுக்கும் மறைப்பாகக் கட்டிய உரப்பை, பொலித்தீன், காட்போர்ட், நூறு வருடம் காய்ந்த மரச்சட்டம்.

‘ட்ரிப் சுவிட்ச் போட்டிருக்கோம், பயமில்ல’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ட்ரிப் சுவிட்ச் மிக அவசியமானது. அது இல்லாத வீட்டில் வேறு எதையும் யோசிக்கும் முன் அதைப் போட வேண்டும். ஆனால் அது பார்ப்பது ஒன்றைத்தான்: போன மின்சாரம் முழுதும் திரும்பி வருகிறதா, 30 மில்லியாம்பியராவது எங்காவது மண்ணுக்கு ஒழுகுகிறதா என்பதை. எம்.சி.பி. என்ற பிரேக்கர் பார்ப்பது இன்னொன்றை: வயரின் அளவுக்கு மேல் மின்சாரம் ஓடுகிறதா என்பதை. தளர்ந்த முடிச்சில் ஒழுக்கும் இல்லை, அளவுக்கு மீறிய ஓட்டமும் இல்லை. கேத்தல் இழுக்க வேண்டியதைத்தான் இழுக்கிறது. இரண்டு காவலாளிகளும் விழித்திருக்க, நடுவில் அந்த முடிச்சு சிவந்துகொண்டே இருக்கும். பத்திரிகைகள் எல்லாவற்றையும் மின்னொழுக்கு என்று எழுதிவிடுவதால் ட்ரிப் சுவிட்ச் எல்லாவற்றையும் தடுக்கும் என்ற நம்பிக்கையும் சேர்ந்தே வளர்ந்துவிட்டது.

ஆகவே பாஸிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வயர் எத்தனை வருடம் பழையது என்பதல்ல. ட்ரிப் சுவிட்ச் இருக்கும் பெட்டியிலிருந்து பிளக் வரை நடுவில் எத்தனை முடிச்சு என்பதுதான். முகட்டில் முடிச்சு இருக்கிற வயரை ஒட்டுப்போட்டுத் திருத்தச் சொல்லாதீர்கள். பெட்டி தொடங்கிப் பிளக் வரை ஒரே நீளமாகப் புது வயர் இழுக்க வேண்டும். வளைய வேண்டிய இடத்தில் இணைப்புப் பெட்டி வரட்டும், மூடியோடு, திருகோடு, கைக்கு எட்டுகிற உயரத்தில். முகட்டில் வேண்டாம்.

முடிச்சில்லாத, குழாய்க்குள்ளோ கேசிங்குக்குள்ளோ ஓடுகிற பிவிசி வயரை வயதை மட்டும் பார்த்துக் கழற்றி எறியத் தேவையில்லை. இதைச் சொன்னால் சில பாஸ்மார் கோபிப்பார்கள். ஆனால் அளந்து பார்க்க வழி இருக்கிறது. மெகர் என்று ஒரு கருவி. எல்லாச் சாமான்களையும் கழற்றிவிட்டு, மெயினை நிறுத்திவிட்டு, வயர்களுக்கிடையிலும் வயருக்கும் மண்ணுக்கும் இடையிலும் 500 வோல்ட் கொடுத்துப் பார்ப்பார்கள். குறைந்தது ஒரு மெகா ஓம் காட்ட வேண்டும். நல்ல வயர் அதைவிடப் பல மடங்கு காட்டும். காட்டினால், அளவும் சரியென்றால், இருக்கட்டும். காட்டாவிட்டால் அந்த மின்சுற்றை மாற்றுங்கள். டெஸ்டரை மட்டும் சட்டைப் பையில் குத்திக்கொண்டு வந்து, சுவரை அண்ணாந்து பார்த்து ‘முழுசா போட்டிருவோம்’ என்கிறவரும், ‘ஒன்னும் பிரச்சினையில்ல’ என்கிறவரும் ஒரே ரகம். இருவரும் அளக்கவில்லை.

பேசவே தேவையில்லாமல் மாற்ற வேண்டியது ஒன்று உண்டு. பழைய பங்களாக்களிலும் உத்தியோகத்தர் குவாட்டர்ஸ்களிலும் மரப்பட்டியில் ஆணியடித்து ஓடும், ரப்பர் மேல் துணி பின்னிய வயர். அந்த ரப்பரின் ஆயுள் எப்போதோ முடிந்துவிட்டது, தொட்டால் பொரியும். அதில் பாதி, கால் என்ற பேச்சே இல்லை. லயங்களுக்குக் கரண்ட் பிந்தி வந்ததால் அங்கே இந்த வகை அபூர்வம். பிந்தி வந்ததில் கிடைத்த ஒரே இலாபம் அதுதான் போலும்.

பாதி மாற்றுவதில் ஒரு பொறி இருக்கிறது. குசினிக்குப் புதுசாக 7/0.67 இழுக்கிறார்கள், அழகாக, கேசிங்குக்குள். ஆனால் அதைத் தொடுப்பது முன்னறையில் பழைய 1/1.13 வயரில். புது பிளக் தாராளமாக இருக்கிறதென்று ஹீட்டரும் கேத்தலும் அதில் ஏறும்; முன்னறை முகட்டுக்குள் மெல்லிய வயர் வேகும். பிரேக்கரை எப்போதும் மின்சுற்றிலுள்ள மிக மெல்லிய வயருக்குப் பார்த்தே போட வேண்டும். அதனால் மாற்றுவதென்றால் நுனியிலிருந்து மாற்றாதீர்கள். மீற்றரிலிருந்து பெட்டி வரை, பிறகு பெட்டி, பிறகு பெட்டியிலிருந்து குசினி என்று அடியிலிருந்து வாருங்கள். கையிலிருக்கும் காசு எங்கே தீர்கிறதோ அங்கே நிறுத்தலாம். முன்னால் செய்ததில் பாதிப் பயன் என்பது இராது. முன்னறை லைட்டுகள் அடுத்த தீபாவளி அட்வான்ஸ் வரை பொறுக்கும். குசினி பொறுக்காது.

இனி ஏர்த். நம் நாட்டு முறையில் மின்சார சபை வீட்டுக்கு இரண்டு வயர்தான் தருகிறது. மண்ணுக்கான தொடுப்பை நாம்தான் போட வேண்டும். லயங்களில் மூன்று முள் பிளக் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயர் இராது. சிலர் அதைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். இரும்புக் குழாய்க் காலத்தில் அதில் ஏதோ அர்த்தம் இருந்தது. இன்று பீலிக்கு வருவது கறுப்பு பிளாஸ்டிக் குழாய். ஏர்த் இல்லாத வீட்டில் அயன் பெட்டிக்குள் வயர் தேய்ந்து உடம்பைத் தொட்டால் ஒழுக்கு போக வழியில்லாமல் காத்திருக்கும், யாராவது தொடும்வரை. அப்போதுதான் ட்ரிப் சுவிட்ச் விழும். விழுந்து உயிரைக் காக்கலாம், ஆனால் அதிர்ச்சியைத் தொட்டவர் வாங்கித்தான் ஆக வேண்டும். பழைய வயர் தகரத்தில் உரசினால் கதை இன்னும் மோசம். கூரை முழுக்கக் கரண்ட் ஏறி, கூரைச் சட்டத்தில் கட்டிய உடுப்புக் காயப்போடும் கம்பிவரை வரும்.

செம்புக் கம்பியை மண்ணில் அடிப்பது ஒரு மணி நேர வேலை. மலைமண் ஈரமானது, பெரும்பாலும் நல்ல தொடுப்புக் கிடைக்கும். பாறைமேல் கட்டிய லயத்தில்தான் பாடு, அங்கே கொஞ்சம் தள்ளி, பீலித் தண்ணீர் ஓடுகிற ஈர ஓரம் பார்த்து அடிக்க வேண்டும். அடித்த பிறகு அளந்து பார்க்க வேண்டும். ட்ரிப் சுவிட்சில் ஒரு சிறு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை, சம்பளத்தன்று என்று வைத்துக்கொள்ளலாம், அதை அழுத்தினால் சுவிட்ச் விழ வேண்டும். விழாவிட்டால் அது சுவரில் ஒட்டிய பிளாஸ்டிக்.

இதுவரை சொன்னது வயரைப் பற்றி. மலையகத்தில் இதைவிடச் சிக்கலான கேள்வி, சுவர் யாருடையது என்பது.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது, நிலம் அரசுடையதாகவே நீண்டகாலக் குத்தகையில் இருக்கிறது. லயத்தில் நான்கு தலைமுறையாகக் குடியிருப்பவர் கையில் பெரும்பாலும் உறுதி இல்லை. மீற்றருக்கு இந்தப் பக்கம் வயர் பாவனையாளர் பொறுப்பு என்பது மின்சார சபையின் நிலைப்பாடு. கட்டடம் தோட்டத்துடையது. ஆகவே கரண்ட் பில் என் பெயரில், சுவர் தோட்டத்தின் பெயரில், எரிந்தால் விசாரணை பொலிஸாரின் பெயரில். வீடமைப்பைப் பார்க்க ‘ட்ரஸ்ட்’ என்று எல்லோரும் சொல்லும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் இருக்கிறது. 2018ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும் வந்தது. தோட்டங்களுக்குள் செலவு செய்யப் பிரதேச சபைகளுக்கு இருந்த சட்டத் தடையும் அதே 2018இல்தான் நீங்கியது. இத்தனை பேர் இருந்தும், எரிவதற்கு முன் ஒரு லயத்தின் முகட்டை ஏறிப் பார்ப்பது யாருடைய கடமைப் பட்டியலிலும் எழுதப்படவில்லை. எரிந்த பிறகு தகரமும் உலருணவும் தர எல்லோருக்கும் பட்டியல் உண்டு.

வீட்டுக்காரரின் பக்கம் பார்த்தால், தோட்ட நாட்சம்பளத்தில் முழு வயரிங் என்பது பல நாள் பேரை விழுங்கும். அதோடு இன்னொரு தயக்கம்: “புது வீடு வரப்போகுதுங்கிறாங்க, இந்தச் செவுத்துல ஏன் காச கொட்டணும்?” நியாயமான கேள்வி. பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியில் கட்டிய 404 வீடுகள் 2018 ஓகஸ்டில் கையளிக்கப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகள் தருவதாக அறிவித்தார்; அவற்றின் முதற்கட்ட வேலை தொடங்க 2024 ஆயிற்று. வீடு வராது என்று சொல்லவில்லை. அது வரும்வரை மழையும் கேத்தலும் காத்திருப்பதில்லை. 2025 நவம்பரின் டித்வா புயல் மழையில் ஊறிய சுவர்களுக்குள் ஓடும் வயர்களை எத்தனை இடத்தில் மெகர் வைத்துப் பார்த்தார்கள்?

இந்தத் தயக்கத்துக்கு ஒரு வழி இருக்கிறது. கழற்றிக்கொண்டு போகக்கூடியதில் காசைப் போடுங்கள். ட்ரிப் சுவிட்சும் எம்.சி.பி.யும் சேர்ந்த பெட்டி, சுவரைக் கொத்தாமல் மேலாக ஓடும் கேசிங், அதற்குள் முடிச்சில்லாத நீள வயர், 13 ஆம்பியர் சதுர முள் பிளக்குகள். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு நாட்டின் ஒரே நியமமாக்கியிருப்பது அந்தச் சதுர முள்ளைத்தான், அதனால் புது வீட்டிலும் உதவும். சுவருக்குள் புதைத்து, சாந்து பூசி, பெயின்ட் அடிக்கும் வேலை லயத்துக்கு வேண்டாம். அது தோட்டத்துச் சுவருக்கு நாம் கொடுக்கும் சீர்.

அடுத்தது, பன்னிரண்டு வீடும் சேர்ந்து ஒரு நாள் குறிப்பது. கோயில் திருவிழாவுக்கு வரி போடத் தெரிந்த லயம்தானே. என்.வி.கியூ. தொழில் தகைமைச் சான்றிதழ் உள்ள ஒருவரை மெகரோடு கூப்பிட்டால் ஒரே பகலில் பன்னிரண்டு வீட்டையும் அளந்துவிடுவார். தனித்தனியாகக் கூப்பிடும் செலவில் அது சிறு பங்கு. தொங்கல் வீட்டிலிருந்து தொடங்கி வரிசையாக முகட்டைப் பார்த்து, முடிச்சுகளை எண்ணி, வீடு வீடாக ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். எந்த வீடு மோசமோ, அந்த வீட்டில் காசு இல்லாவிட்டால், முதல் வேலை அங்கேதான். மற்ற பதினொரு வீட்டின் காசு அங்கே போவது தருமமல்ல, சொந்தப் பாதுகாப்பு. பக்கத்து வீட்டுக்கு வயர் கொடுத்திருக்கிறவரை அன்றைக்குத் திட்டவும் வேண்டாம். பில் நிலுவையைத் தவணையாகக் கட்டி மீற்றரை மீட்பது பற்றி மின்சார சபை அலுவலகத்தில் பேசத் தோட்டத் தலைவரையோ மாதர் சங்கத்தையோ அனுப்பலாம்.

அந்தத் தாளில் மூன்று பிரதி எடுங்கள். ஒன்று தோட்டத் துரைக்கு, ஒன்று ட்ரஸ்ட் அலுவலகத்துக்கு, வாங்கியதற்குக் கையொப்பத்தோடு, ஒன்று லயத்தில். முகட்டில் ஏழு முடிச்சு இருக்கிறது, நான்கு வீட்டுக்கு ஏர்த் இல்லை என்று திகதியோடு எழுதிக் கொடுத்த கடிதத்தை வாங்கிய பிறகு, சுவரும் கூரையும் தங்களுடையது என்கிறவர்கள் வயர் தங்களுடையதல்ல என்று சொல்வது கொஞ்சம் கடினமாகும். கூரைக்குள் ஓடும் பகுதியின் செலவைத் தோட்டமும், பெட்டிக்குப் பிறகு வீட்டுக்குள் இறங்கும் பகுதியைக் குடியிருப்பவரும் ஏற்பதுதான் என் கணிப்பில் நியாயமான பங்கு. பேரம் அங்கிருந்து தொடங்கட்டும்.

புது வீட்டுச் சாவி கிடைக்கிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 550 சதுர அடி வீட்டைக் கையேற்கும்போது வயரிங் சோதனை அறிக்கையின் பிரதியைக் கேளுங்கள்: ஒவ்வொரு மின்சுற்றுக்கும் மெகர் காட்டிய அளவு, ஏர்த் தடையின் அளவு, சோதித்தவரின் கையொப்பம். குசினிக்குத் தனி மின்சுற்று இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். லயத்தை விட்டுப் புறப்படும் அன்று பழைய காம்பிராவின் இணைப்பை மீற்றரிலேயே துண்டிக்கும்படி மின்சார சபைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அங்கே இன்னும் பதினொரு குடும்பம் இருக்கிறது.